சேர்ப்பதா, வேண்டாமா? – நிரல்மொழியில் புதிய கூறுகள்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரந்தாவ், லாபு, பகாவ், போர்ட்டிக்சன் வட்டாரங்களில் சாலையின் இருபுறமும் இரப்பர் மரங்களும் செம்பனை மரங்களும் வரிசை வரிசையாக நிற்பதைக் காணலாம். அவை தாமாக முளைத்தவை அல்ல. எந்த வகை மரத்தை நடுவது என்று ஒருவர் முடிவெடுத்த பிறகே அவை நடப்பட்டன. இரப்பர்க் கன்றை நட்டபின் பால் வெட்டுவதற்கு ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அம்மரம் பயன்தர வேண்டும். தேர்ந்தெடுத்த வகை பலமான காற்றில் முறியக்கூடியதாகவோ இலைநோய்க்கு எளிதில் ஆளாவதாகவோ இருந்தால், அத்தவற்றை ஓரிரு ஆண்டுகளில் திருத்த இயலாது. வகையைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர். விடியற்காலையில் பெரட்டு முடிந்து தம் நிரைக்குச் சென்று பால் வெட்டுபவர் வேறொருவர். முடிவின் பலனை நாள்தோறும் அனுபவிப்பவர் இரண்டாமவரே.

இதனால்தான் 1925இல் தொடங்கப்பட்ட மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகம், புதிய மர வகை எதையும் உடனே எல்லாத் தோட்டங்களிலும் நடச் சொல்லவில்லை. சோதனை நிலத்தில் பல ஆண்டுகள் வளர்த்துப் பார்த்தது. பிறகு, பெருமளவில் நடக்கூடியவை, மிதமான அளவில் நடக்கூடியவை, சோதனைக்காகச் சிறிய அளவில் மட்டும் நடக்கூடியவை என்று மூன்று வகுப்புகளாகப் பிரித்துப் பரிந்துரைத்தது. நம் தோட்டங்களில் பரவலாக நடப்பட்ட ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் வகை அக்கழகம் உருவாக்கியதேயாகும்.

கணினித் துறையிலும் இதே போன்ற ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் ஒரு நிரல்மொழியில் புதிய கூறு ஒன்றைச் சேர்க்கலாமா, வேண்டாமா? அதனை யார் முடிவு செய்வது? எப்படி முடிவு செய்வது? இக்கட்டுரை இக்கேள்விகளை ஆராய்கிறது.

நிரல்மொழியும் அதன் கூறுகளும்

கணினி செய்ய வேண்டிய வேலையைப் படிப்படியாக எழுதும் கட்டளைத் தொகுப்பே நிரல். நிரலை எழுதப் பயன்படும் மொழி நிரல்மொழி. பைதான், ஜாவா, சி முதலியன அதற்கு எடுத்துக்காட்டுகள். நாம் பேசும் மொழிக்குச் சொற்களும் இலக்கண விதிகளும் இருப்பதுபோல் நிரல்மொழிக்கும் உண்டு. ஒரு மதிப்புக்குப் பெயரிடும் முறை, நிபந்தனையைச் சோதிக்கும் முறை, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் முறை ஆகிய ஒவ்வொன்றும் அம்மொழியின் ஒரு கூறு.

பேச்சுமொழியில் ஒரு புதிய சொல் நுழைந்தால், அதனை அறியாதவர் முன்பின் சொற்களைக் கொண்டு பொருளை ஊகித்துக்கொள்வார். கணினிக்கு ஊகிக்கத் தெரியாது. நிரல்மொழியின் விதி சிறிது மாறினாலும், நேற்றுவரை ஓடிய நிரல் இன்று நின்றுவிடக்கூடும். எனவே, நிரல்மொழியில் செய்யும் மாற்றம் பேச்சுமொழியில் ஏற்படும் மாற்றத்தைவிடக் கூடுதல் கவனத்தை வேண்டுகிறது.

சேர்ப்பது எளிது, நீக்குவது அரிது

புதிய கூறு ஒன்றைக் கேட்பவர் பெரும்பாலும் அதன் நன்மையையே பார்க்கிறார். "இது இருந்தால் பத்து வரியில் எழுதுவதை இரண்டு வரியில் எழுதிவிடலாமே" என்கிறார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும், அக்கூறுக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கேட்டவர் மட்டும் கொடுப்பதில்லை. இனிமேல் அம்மொழியைக் கற்கும் ஒவ்வொரு மாணவரும் அதனைக் கூடுதலாகக் கற்க வேண்டும். பிறர் எழுதிய நிரலைப் படிப்பவரும் அதனைப் புரிந்துகொள்ள வேண்டும். பாடநூல்களைத் திருத்த வேண்டும். மொழியைப் பராமரிப்பவர்கள் அதிலுள்ள பிழைகளை ஆண்டுக்கணக்கில் களைய வேண்டும். இலட்சக்கணக்கான நிரல்களில் அக்கூறு இடம்பெற்ற பிறகு அதனை நீக்குவதும் கடினம். நீக்கினால் அந்நிரல்கள் அனைத்தும் பழுதாகிவிடும்.

இதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த கணினி அறிஞர் டோனி ஹோர், 1965இல் ஒரு நிரல்மொழியை வடிவமைத்தபோது, எதையும் சுட்டாத வெற்றுக் குறிப்பு என்னும் கூறினை அதில் சேர்த்தார். அதனைச் செயற்படுத்துவது மிக எளிதாக இருந்ததே அதற்குக் காரணம். பின்னர் வந்த பல மொழிகளும் அக்கூறினைப் பின்பற்றின. வெற்றுக் குறிப்பில் மதிப்பு இருப்பதாக எண்ணிப் பயன்படுத்தும் நிரல்கள் பாதியில் நின்றுபோயின. 2009இல் ஆற்றிய உரையொன்றில், அது தாம் செய்த நூறு கோடி டாலர் பிழை என்று ஹோரே குறிப்பிட்டார். எளிதாகச் சேர்க்க முடிகிறது என்பது சேர்ப்பதற்குப் போதிய காரணம் ஆகாது என்பதனை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

தமிழில் பெயரிடலாமா?

தமிழ் மாணவர்களுக்கு நேரடித் தொடர்புள்ள முடிவு ஒன்றை இனிக் காண்போம். பைதான் மொழியை நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் 1989ஆம் ஆண்டின் இறுதியில் உருவாக்கத் தொடங்கி, 1991இல் வெளியிட்டார். அதில் மாற்றம் செய்ய விரும்புவோர் தம் கருத்தைக் காரணங்களுடன் முன்மொழிவாக எழுதி அளிக்கும் முறை 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. ஒவ்வொரு முன்மொழிவுக்கும் ஓர் எண் உண்டு. யார் வேண்டுமானாலும் அதனைப் படித்துக் கருத்துரைக்கலாம்.

தொடக்கத்தில் பைதானில் மதிப்புகளுக்குப் பெயரிட ஆங்கில எழுத்துகளை மட்டுமே பயன்படுத்த முடிந்தது. 2007இல் மார்ட்டின் வான் லூவிஸ் என்னும் ஜெர்மானியர் 3131ஆம் முன்மொழிவை அளித்தார். பிறமொழி எழுத்துகளிலும் பெயரிட இடமளிக்க வேண்டும் என்பதே அது. ஆங்கிலம் நன்கு அறியாதவர்களும் நிரல் எழுதுகிறார்கள். தம் மொழியில் பெயரிட்டால் அவர்கள் எண்ணுவதை அவர்களால் தெளிவாக எழுத முடியும் என்பது ஆதரித்தோரின் வாதம்.

எதிர்த்தோரின் வாதமும் வலுவானதே. ஒருவர் தமிழிலும் மற்றொருவர் சீனத்திலும் இன்னொருவர் அரபியிலும் பெயரிட்டால், ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் எப்படிப் படிப்பார்? பிழையை எப்படித் திருத்துவார்? தம் விசைப்பலகையில் இல்லாத எழுத்தை எப்படித் தட்டச்சு செய்வார்? மேலும், வெவ்வேறு எழுத்துகள் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தால் என்ன செய்வது?

கடைசிக் கேள்வியின் ஆழத்தைத் தமிழைக் கொண்டே அறியலாம். 'கொ' என்னும் எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க' என்பதோடு 'ொ' என்ற ஒரே குறியைச் சேர்ப்பது ஒரு முறை. கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது மற்றொரு முறை. திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கோ அவை வேறு வேறு. இச்சிக்கலைத் தீர்ப்பதற்காகப் பைதான் பெயர்களை ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. ஆனால், 'கௌரி' என்பதைச் சிலர் 'கெ' என்ற எழுத்தோடு 'ள'கரத்தைச் சேர்த்து 'கெளரி' எனத் தட்டச்சு செய்வார்கள். இவ்விரண்டையும் பைதான் வேறு வேறு பெயர்களாகவே கொள்ளும். ஏனெனில், அங்கு இருப்பது உண்மையிலேயே வேறோர் எழுத்து. கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும் இரு பெயர்களால் நிரலில் பிழை நேர்ந்தால், அதனைக் கண்டுபிடிப்பது எளிதன்று.

இரு தரப்பு வாதங்களையும் கேட்ட பின் முன்மொழிவு ஏற்கப்பட்டது. ஆயினும், அதற்கோர் எல்லை வகுக்கப்பட்டது. பயனர்கள் தம் நிரல்களில் எந்த மொழியிலும் பெயரிடலாம். பைதானோடு சேர்ந்து வரும் பொது நூலகம் மட்டும் உலகத்தார் அனைவருக்கும் பொதுவானது. அதில் ஆங்கில எழுத்துகளே இருக்க வேண்டும். 2008இல் வெளிவந்த பைதான் 3 முதல் இம்முறை நடைமுறையில் உள்ளது. இன்று ஒரு மாணவர்

வயது = 14

என்று எழுதினால் பைதான் அதனை ஏற்றுக்கொள்ளும். முழுமையாகச் சேர்ப்பது, முழுமையாக மறுப்பது என்னும் இரண்டு வழிகள் மட்டும் இல்லை; யாருக்கு எங்கே தேவையோ அங்கு மட்டும் இடமளிப்பது என்னும் மூன்றாவது வழியும் உண்டு என்பதை இம்முடிவு காட்டுகிறது.

மாற்றத்தின் நன்மையும் விலையும்

பைதான் 3 வேறொரு பெரிய மாற்றத்தையும் கொண்டுவந்தது. பைதான் 2இல் 'தமிழ்' என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால், வழக்கமான சேமிப்பு முறையில் 15 என்ற விடை வரும். ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் இடம் தேவைப்படுவதால், பைதான் 2 அந்தப் பைட்டுகளையே எண்ணியது. பைதான் 3 உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோட் குறிமுறையை அடிப்படையாகக் கொண்டது. அதில் அதே சொல்லின் நீளம் 5. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளை அது எண்ணுகிறது. தமிழ் முதலிய மொழிகளில் நிரல் எழுதுவோருக்கு இது பெரிய முன்னேற்றம்.

இதற்கான விலையும் பெரியது. பைதான் 2இல் எழுதிய நிரல்கள் பல பைதான் 3இல் ஓடவில்லை. அவற்றைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. பைதான் 2க்கான ஆதரவை 2015இல் நிறுத்தத் திட்டமிட்டிருந்தனர். பலர் இன்னும் மாறாததால் அக்கெடு 2020 சனவரி 1 வரை நீட்டிக்கப்பட்டது. ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஒரே மொழியின் இரண்டு பதிப்புகள் அருகருகே இயங்கின. நன்மை உறுதியாகத் தெரிந்த மாற்றத்துக்கே இவ்வளவு காலம் ஆயிற்று என்றால், நன்மை ஐயத்துக்கிடமான மாற்றத்தைப் பற்றி எவ்வளவு சிந்திக்க வேண்டும்!

இங்கு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் கணக்கில் 'தமிழ்' என்பது த, மி, ழ் என்னும் மூன்றெழுத்துச் சொல். பைதான் 3 தரும் விடையோ 5. அப்படியானால், தமிழ் எழுத்துகளை எண்ணும் கூறு ஒன்றைப் பைதானில் சேர்க்கச் சொல்லலாமா? அதற்குத் தேவையில்லை. 'ஓப்பன் தமிழ்' என்னும் கட்டற்ற நூலகம் அப்பணியைச் செய்கிறது. தமிழ் நிரலர்கள் உருவாக்கிய அந்நூலகத்தை வேண்டுவோர் தம் நிரலில் இணைத்துக்கொள்ளலாம். வேண்டாதோருக்கு எவ்விதச் சுமையும் இல்லை. புதிய கூறு கேட்பவரிடம் மொழி வடிவமைப்பாளர்கள் முதலில் கேட்பது இதுதான்: "இதனை நூலகமாக எழுத முடியுமா?" முடியும் என்றால் மொழியின் இலக்கணத்தைத் தொட வேண்டியதில்லை.

ஒரு குறியீடு எழுப்பிய புயல்

சிறிய கூறும் பெரிய சர்ச்சையை உண்டாக்கலாம். 2018இல் வந்த 572ஆம் முன்மொழிவு அத்தகையது. தோட்டத்தில் பால் நிறுக்கும் கிராணியின் வேலையை எண்ணிப் பாருங்கள். வாளியை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்வது ஒரு செயல். அந்த எடை 10 கிலோவைத் தாண்டியதா எனப் பார்ப்பது மற்றொரு செயல். பைதானில் இவற்றை இரண்டு வரிகளாக எழுதுவதே வழக்கம். புதிய முன்மொழிவோ இரண்டையும் ஒரே இடத்தில்

(எடை := நிறு(வாளி)) > 10

என்று எழுத வழி செய்தது. ':=' என்னும் குறியீடு, தந்தங்கள் கொண்ட வால்ரஸ் என்ற கடல் விலங்கின் கண்களையும் தந்தங்களையும் படுக்கவைத்தாற்போல் இருப்பதால், அதனை 'வால்ரஸ் குறி' என்று வேடிக்கையாக அழைத்தனர்.

"வரிகள் குறையும், ஒரே கணக்கை இருமுறை செய்ய வேண்டியதில்லை" என்றனர் ஆதரித்தோர். "ஒரு வேலையைச் செய்வதற்குத் தெளிவான ஒரு வழி இருக்கும்போது இரண்டாவது வழி எதற்கு? புதிதாகக் கற்பவர் குழம்ப மாட்டாரா?" என்றனர் எதிர்த்தோர். தெளிவான ஒரு வழியே போதும் என்ற கொள்கை பைதானின் வழிகாட்டி நெறிகளுள் ஒன்று. அந்நெறிகளைத் தொகுத்தவர் டிம் பீட்டர்ஸ். அவரே இம்முன்மொழிவை எழுதிய மூவருள் ஒருவராகவும் இருந்தார். நல்ல நோக்கமும் ஆழ்ந்த அனுபவமும் உள்ளவர்களிடையேயும் கருத்து வேறுபாடு எழும் என்பதற்கு இது சான்று.

வான் ரோசம் முன்மொழிவை ஏற்றார். ஆயினும், வாதங்கள் கடுமையாகிப் பலர் மனம் கசந்திருந்தனர். 2018 சூலை 12ஆம் நாள், இறுதி முடிவெடுக்கும் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகுவதாக அவர் அறிவித்தார். ஒரு முன்மொழிவுக்காக மீண்டும் இவ்வளவு போராடி, தம் முடிவைப் பலர் வெறுப்பதைக் காணத் தாம் விரும்பவில்லை என்ற கருத்தையும் வெளியிட்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வளர்த்த மொழியின் தலைமையை அவர் துறப்பதற்கு இரண்டே குறிகளைக் கொண்ட ஒரு கூறு காரணமாயிற்று.

அதன் பின்னர் மொழியை உருவாக்குவோர் வாக்கெடுப்பு நடத்தி, ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழுவை அமைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தனர். 2019இன் தொடக்கத்தில் முதற்குழு தேர்ந்தெடுக்கப்பட்டது. எதைச் சேர்ப்பது என்பதோடு எவ்வாறு முடிவெடுப்பது என்பதும் முக்கியமானது என்பதை அனைவரும் உணர்ந்தனர்.

மறுத்தல், காத்திருத்தல், சோதித்தல்

பல நிபந்தனைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 'சுவிட்ச்' என்னும் கூறு சி, ஜாவா முதலிய மொழிகளில் உண்டு. பைதானிலும் அது வேண்டும் என்று 2001இல் ஒரு முன்மொழிவு வந்தது, பின்னர் நிராகரிக்கப்பட்டது. 2006இல் வான் ரோசமே மற்றொரு முன்மொழிவை எழுதினார். 2007இல் பைதான் மாநாட்டில் உரையாற்றியபோது அவையோரின் கருத்தைக் கேட்டார். போதிய ஆதரவு இல்லை. தலைவராக இருந்தும், தாம் எழுதிய முன்மொழிவைத் தாமே நிராகரித்தார்.

அக்கேள்வி அத்துடன் முடிந்துவிடவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, பழைய 'சுவிட்ச்' முறையைவிட ஆற்றல்மிக்க 'மேட்ச்' என்னும் கூறு முன்மொழியப்பட்டது. 2021இல் வழிகாட்டுக் குழு அதனை ஏற்றது. அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த பைதான் 3.10இல் அது இடம்பெற்றது. முதல் மறுப்புக்கும் இந்த ஏற்புக்கும் இடைப்பட்ட காலம் வீணாகவில்லை. மேலும் சிறந்த வடிவம் கிடைத்தது.

'மேட்ச்' என்ற சொல்லைப் பலர் ஏற்கெனவே தம் நிரல்களில் பெயராகப் பயன்படுத்தி வந்தனர். அதனை மொழிக்கு மட்டும் உரிய சொல்லாக ஒதுக்கிவிட்டால் அந்நிரல்கள் நின்றுவிடும். எனவே, குறிப்பிட்ட இடத்தில் வரும்போது மட்டும் அதனைக் கட்டளைச் சொல்லாகவும், மற்ற இடங்களில் சாதாரணப் பெயராகவும் கொள்ளுமாறு வடிவமைத்தனர். இதற்கு முன்னர், 2018இல், 'ஏசிங்க்' என்ற சொல்லைப் பைதான் 3.7 முழுமையாக ஒதுக்கியபோது, அதனைப் பெயராகப் பயன்படுத்திய நூலகங்கள் பலவற்றைத் திருத்த வேண்டியிருந்தது. அந்த அனுபவம் இருந்ததால், பழைய நிரல்களுக்கு இடையூறு இல்லாமல் 'மேட்ச்' வந்து சேர்ந்தது.

நம் நாட்டில் நான்காம் படிவக் கணினி அறிவியல் பாடத்தில் பயன்படும் ஜாவா மொழி, இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனை நிலத்தைப் போன்ற ஒரு முறையைக் கையாளுகிறது. புதிய கூறுகள் சில முதலில் 'முன்னோட்டம்' என்ற நிலையில் வெளியாகின்றன. விரும்புவோர் மட்டும் அவற்றை இயக்கிப் பார்க்கலாம். 2019 மார்ச்சில் வெளிவந்த ஜாவா 12இல் 'சுவிட்ச்' கூறின் புதிய வடிவம் முன்னோட்டமாக வந்தது. பயன்படுத்தியோரின் கருத்துகளைக் கேட்டு, ஜாவா 13இல் அதன் ஒரு சொல்லை மாற்றினர். 2020இல் வந்த ஜாவா 14இல்தான் அது நிரந்தரமாயிற்று. நிரந்தரமாக்கும் முன்னரே குறையைக் கண்டு திருத்த முடிந்தது.

எழில்: தமிழுக்கு ஏற்ற தேர்வு

மேலே கண்டவை ஏற்கெனவே பரவிய மொழிகள். புதிதாக ஒரு மொழியைப் படைப்பவருக்கும் இதே கேள்விகள் உண்டு. பள்ளி மாணவர்கள் தமிழிலேயே நிரலாக்கத்தைக் கற்க வேண்டும் என்ற நோக்கில் முத்து அண்ணாமலை 'எழில்' என்னும் நிரல்மொழியை உருவாக்கினார். அதனைப் பற்றி 2009இல் ஓர் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். எழில், பைதான் மொழியைக் கொண்டே உருவாக்கப்பட்டது.

தமிழில் நிரல்மொழி என்றால் ஆங்கிலக் கட்டளைச் சொற்களை மொழிபெயர்த்தால் போதும் என்று தோன்றலாம். ஆனால், ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் முதலில் வரும். நிபந்தனை பின்னர் வரும். தமிழில் 'மழை பெய்தால்' என்று நிபந்தனையைச் சொல்லி, அதன் பின்னரே 'ஆல்' என்னும் உருபைச் சேர்க்கிறோம். எழில் இந்தத் தமிழ் ஒழுங்கைப் பின்பற்றியது.

@( மதிப்பெண் >= 40 ) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "மீண்டும் முயல்க"
முடி

இதனைப் படிக்கும் மாணவர், நிரல் எழுதப் பழகாதவராக இருந்தாலும், பொருளை ஓரளவு உணர்ந்துகொள்வார். மற்ற மொழிகளில் உள்ள கூறு என்பதற்காக அதனை அப்படியே எடுத்து வைக்காமல், கற்பவருக்கு எது இயல்பு என்று எண்ணித் தேர்ந்தெடுத்ததே எழிலின் சிறப்பு.

முடிவெடுக்கும் முன்

இதுவரை கண்டவற்றிலிருந்து, புதிய கூறு ஒன்றைச் சேர்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகளை இவ்வாறு தொகுக்கலாம்.

1. இக்கூறு எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது? அச்சிக்கல் பலருக்கு உள்ளதா, சிலருக்கு மட்டுமா?
2. மொழியை மாற்றாமல் நூலகத்தின் வழி அதனைத் தீர்க்க முடியுமா?
3. ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்கள் பாதிக்கப்படுமா?
4. எழுதுபவருக்கு எளிதாவதுபோல் படிப்பவருக்கும் எளிதாக இருக்குமா?
5. நிரந்தரமாக்கும் முன் சிறிய அளவில் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

இக்கேள்விகளுக்கு நிறைவான விடை கிடைக்காவிட்டால், 'இப்போதைக்கு வேண்டாம்' என்பதே பொறுப்பான முடிவு. ஆழம் அறியாமல் காலை விடாதே என்னும் பழமொழி இங்குப் பொருந்தும். அதற்காக எதையும் மாற்றக்கூடாது என்பது பொருளன்று. அன்று பைதான் 3இன் மாற்றத்தை மறுத்திருந்தால், இன்று 'வயது' என்று தமிழில் பெயரிட முடிந்திருக்காது. மாற்றத்துக்கு அஞ்சி நிற்பதும் தவறு; கேட்டவுடன் சேர்ப்பதும் தவறு.

பைதானின் முன்மொழிவுகளில் ஏற்கப்பட்டவை மட்டுமல்ல, நிராகரிக்கப்பட்டவையும் காரணங்களுடன் இன்றுவரை பாதுகாக்கப்படுகின்றன. பின்னர் வருவோர் அவற்றைப் படித்து, முன்னோர் எங்கே தயங்கினர், ஏன் மறுத்தனர் என்று அறிந்துகொள்கின்றனர். சிரம்பானில் உள்ள ஒரு மாணவரும் தோட்டத்துப் பள்ளியிலிருந்து வந்த ஒரு மாணவரும் அவற்றைப் படிக்கலாம், கருத்துரைக்கலாம், நாளை தம் பெயரில் ஒரு முன்மொழிவையும் எழுதலாம். அப்போது, "எனக்கு இது பயன்படுமா?" என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், "எனக்குப் பின் இதனைப் படிப்பவருக்கும் பயன்படுமா?" என்ற கேள்வியையும் அவர்கள் கேட்க வேண்டும். பலருக்குப் பொதுவான ஒன்றை மாற்ற முனைவோர் அனைவரும் கொள்ள வேண்டிய பண்பு அதுவே.